பஞ்சாபின் நடவுத் தேதி: தண்ணீரைக் காக்க வந்த சட்டமும் நவம்பர் புகையும்

2009-ல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீரைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் சாரம் இரண்டு தேதிகளில் அடங்கிவிடும். மே 10-க்கு முன் நெல் நாற்றங்கால் விடக்கூடாது. ஜூன் 10-க்கு முன் நடவு செய்யக்கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் ரூ. 10,000 அபராதம். முன்கூட்டியே நட்ட பயிரை விவசாயியின் செலவிலேயே அழிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. முந்தைய ஆண்டே அவசரச் சட்டமாக வந்ததுதான் 2009-ல் முழுச் சட்டமானது. அதே ஆண்டில் ஹரியாணாவும் மே 15, ஜூன் 15 என்ற தேதிகளோடு தன் சட்டத்தைப் போட்டது.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மே மாத வெயிலில் வயலில் தேக்கி வைக்கும் தண்ணீர் ஏராளமாக ஆவியாகிப் போகும். பருவமழை பஞ்சாபை எட்டுவது ஜூன் கடைசி வாரத்தில்தான். நடவை மழைக்குப் பக்கத்தில் தள்ளினால் போர்வெல் ஓடும் நேரம் குறையும், மின்சாரமும் மிச்சமாகும். ஒரே சட்டத்தில் நீருக்கும் ஆற்றலுக்கும் நன்மை. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல திட்டம் கிடைக்காது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2019-ல், நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் ஓர் ஆய்வு வந்தது. சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் நெல் தாளுக்கு வைக்கும் தீ, முன்பைவிடக் குறுகிய சில நாட்களுக்குள் நெருங்கி, காற்று அசையாமல் நிற்கும் நவம்பருக்குள் நகர்ந்தது. தீயின் உச்சத் தீவிரம் 39 சதவீதம் கூடியிருக்கிறது. காற்றில் நுண்துகளின் செறிவு கிட்டத்தட்ட 30 சதவீதம் உயர்ந்திருக்கிறது. இதுதான் அந்த ஆய்வின் கணக்கு. தண்ணீருக்காகப் போட்ட சட்டத்தின் விலையில் ஒரு பகுதி மூச்சுக்காற்றிலிருந்து போயிருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகள் ஒன்றுக்கொன்று எங்கே கைகொடுக்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான நிகழ்வு இந்தியாவில் இல்லை என்பது என் எண்ணம். காரணம், இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று யாரையும் காட்ட முடியாது. ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு நல்ல இலக்குக்காக எடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் அவை சேர்ந்து உண்டாக்கிய விளைவை யாருமே விரும்பியிருக்க மாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்கியது

பஞ்சாபின் பழைய உணவு கோதுமை. இன்றும் அங்கே வீடுகளில் ரொட்டிதான் முதன்மை. 1960-61-ல் மாநிலம் முழுவதும் நெல் விளைந்த பரப்பு இரண்டே கால் லட்சம் ஹெக்டேரை ஒட்டித்தான். பசுமைப் புரட்சிக்குப் பிறகு அது ஏறிக்கொண்டே போய், இப்போது 31 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. விளையும் அரிசி பெரும்பாலும் மத்தியத் தொகுப்புக்குப் போய், அங்கிருந்து ரேஷன் கடைகள் வழியாக நாடெங்கும் பிரிகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சுமார் 81 கோடிப் பேருக்கு இன்று இலவசமாகத் தானியம் கிடைக்கிறதென்றால், அதற்கு அடியில் பஞ்சாபின் தண்ணீர் இருக்கிறது. இலக்கு 2, அதாவது பசியில்லாத நிலை, அங்கே நிலத்தடி நீரால் கட்டப்பட்டது.

விவசாயி நெல்லை விடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு காரணங்கள் போதும். ஒன்று, குறைந்தபட்ச ஆதரவு விலையில் அரசு உறுதியாகக் கொள்முதல் செய்யும் பயிர்கள் அங்கே நடைமுறையில் நெல்லும் கோதுமையும்தான். மக்காச்சோளத்துக்கும் ஆதரவு விலை அறிவிப்பார்கள். ஆனால் மண்டியில் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்க மாட்டார்கள். இரண்டாவது, 1997 முதல் விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். நடுவில் சிறிது காலம் நிறுத்தினார்கள், பிறகு திரும்பக் கொடுத்துவிட்டார்கள். மாநிலத்தில் சுமார் 14 லட்சம் மின் பம்புசெட்டுகள் இருக்கின்றன. கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் விவசாயிக்கு ஒரு பைசாகூடக் கூடுதல் செலவில்லை.

விளைவு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டில் தெரிகிறது. பஞ்சாப் ஓராண்டில் எடுக்கும் நிலத்தடி நீர், எடுக்கத்தக்க அளவில் சமீப ஆண்டுகளாக 160 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. 2022-ல் மதிப்பிட்ட 153 வட்டாரங்களில் 117 அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டவை. நீர்மட்டம் இறங்க இறங்க, தரையில் வைத்த பழைய பம்பு பயனற்றுப்போய் நீர்மூழ்கி மோட்டார் போட வேண்டி வந்தது. அதற்குப் பணம் உள்ளவர் ஆழமாகத் தோண்டிக்கொண்டார். இல்லாதவர் கடன் வாங்கினார், அல்லது பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் வாங்கினார். நிலத்தடி நீர்ப் பிரச்சினை என்று தனியாகப் பேசப்படுவது உண்மையில் சிறு விவசாயியின் வறுமைப் பிரச்சினையும் ஏற்றத்தாழ்வுப் பிரச்சினையும்கூட.

பொருளாதார அறிஞர் எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு 1986-லேயே நெல், கோதுமைப் பரப்பில் ஒரு பகுதியை வேறு பயிர்களுக்கு மாற்றச் சொன்னது. அதைச் செய்ய வேண்டுமானால் விலையிலும் கொள்முதலிலும் கைவைக்க வேண்டும். பின்னாளில் மின்சாரமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. அரசியலில் மூன்றும் தொட முடியாதவை ஆகிவிட்டன. தொடக்கூடியதாக மீந்தது நடவுத் தேதி. 2009 சட்டத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது ஏன் அப்படி வந்தது என்பது புரியும்.

நாட்காட்டிக்குள் நடந்தது

பஞ்சாபில் வெகுகாலம் கோலோச்சிய ரகம் புசா 44. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. விளைச்சல் அள்ளித் தரும். ஆனால் விதைத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 160 நாள். நாற்றங்காலில் 30 நாள் போக, வயலில் 130 நாள் நிற்கும்.

இனி எண்ணிப் பாருங்கள். சட்டத்துக்கு முன்பு மே 20-ல் நட்டவருக்கு செப்டம்பர் 27 வாக்கில் கதிர் முற்றிவிடும். கோதுமை விதைக்க நல்ல காலம் நவம்பர் முதல் பாதி. அறுத்து, விற்று, தாளை அப்புறப்படுத்தி, நிலத்தைத் தயார் செய்ய ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருந்தது. சட்டத்துக்குப் பின் ஜூன் 10-ல் நட்டால் முற்றுவது அக்டோபர் 18. நடவுத் தேதியை 2018-ல் ஜூன் 20 வரை தள்ளினார்கள். அந்தக் கணக்கில் அக்டோபர் 28. அதற்கு மேல் ஈரப்பதம் வேறு இருக்கிறது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதலில் நெல்லை எடுக்க மாட்டார்கள். காய வேண்டும், அறுவடை இயந்திரம் ஒவ்வொரு வயலாக வந்து சேர வேண்டும். கடைசியில் நெல்லுக்கும் கோதுமைக்கும் நடுவே மிஞ்சுவது பத்து, பதினைந்து நாள். சிலருக்கு அதுவும் இல்லை.

அந்த நாட்களில் வயலின் நிலை என்ன? அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு அடித்தாளை நிறுத்திவிட்டுப் போகும். பின்னால் உதிர்ந்த வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். பாசுமதி அல்லாத நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்று அங்கே அதை மாட்டுக்குப் போட மாட்டார்கள். இப்படி மாநிலம் முழுவதும் சேரும் நெல் வைக்கோல் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். கோதுமை விதைப்பு பிந்தினால் மகசூல் விழும். அது மட்டுமல்ல, பிந்திய கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும். 2022 மார்ச் மாத வெப்பத்தில் கோதுமை சுருங்கியதையும், அந்த மே மாதமே மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்ததையும் நினைவில் வைத்தால் விவசாயியின் அவசரம் விளங்கும். அவர் தீ வைக்கிறார். அரை மணி நேரத்தில் ஒரு ஏக்கர் சுத்தமாகிவிடுகிறது.

ஒரு டன் வைக்கோலை எரித்தால் சுமார் 3 கிலோ துகள், 60 கிலோ கார்பன் மோனாக்சைடு, 1,460 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 2 கிலோ சல்பர் டை ஆக்சைடு வெளியேறுகின்றன. அதே டன்னில் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து, 400 கிலோ கரிமம் இருக்கின்றன. எரிக்கும்போது கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் காற்றோடு போய்விடுகின்றன. பிறகு அதே வயலுக்கு அதே விவசாயி யூரியா மூட்டை வாங்குகிறார்.

செப்டம்பர் கடைசியில் எரித்தாலும் புகை புகைதான். ஆனால் அப்போது தரை சூடாக இருக்கும், காற்று கலக்கும், புகை மேலெழுந்து சிதறும். நவம்பர் தொடக்கத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது. வடமேற்கிலிருந்து வீசும் மெல்லிய காற்று புகையைக் கங்கைச் சமவெளிக்குள் தள்ளுகிறது. டெல்லிக்குச் சொந்தமாகவே வாகனப் புகை, தூசி, தொழிற்சாலை எல்லாம் உண்டு. ஆண்டு முழுவதையும் எடுத்தால் வயல் தீயின் பங்கு சிறியது. ஆனால் தீ உச்சத்தில் இருக்கும் சில நாட்களில் நகரின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிலிருந்து வந்ததாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. 2016, 2017 நவம்பர்களில் பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

டெல்லி பேசப்பட்ட அளவுக்குப் பஞ்சாபின், ஹரியாணாவின் கிராமங்கள் பேசப்படவில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் தீ வைத்தவரும் அவர் வீட்டுப் பிள்ளைகளும்தான். இரண்டரை லட்சம் பேரின் சுகாதாரத் தரவை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, தீ அதிகம் எரியும் மாவட்டங்களில் வாழ்வோருக்குக் கடும் சுவாசத் தொற்று வரும் அபாயம் மூன்று மடங்கு என்று காட்டியது. விவசாயி ஒரு பக்கம், நகரவாசி மறு பக்கம் என்று இந்தச் சண்டையை விவரிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இலக்குகளின் கணக்கில்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 செப்டம்பரில் 17 இலக்குகளையும் அவற்றின்கீழ் 169 குறிக்கோள்களையும் ஏற்றபோது, அவை ஒருங்கிணைந்தவை, பிரிக்க முடியாதவை என்று எழுதிக்கொண்டது. கொள்கைகளுக்குள் இசைவு வேண்டும் என்று 17.14 என்ற தனிக் குறிக்கோளே உண்டு. அந்த இசைவை எப்படிப் பார்ப்பது? 2016-ல் மான்ஸ் நில்சன், டேவிட் கிரிக்ஸ், மார்ட்டின் விஸ்பெக் மூவரும் நேச்சர் இதழில் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். ஒரு இலக்கு இன்னொன்றோடு பிரிக்க முடியாமல் பிணைந்திருந்தால் +3, வலுவூட்டினால் +2, வழிதிறந்தால் +1, ஒட்டுறவில்லை என்றால் 0, கட்டுப்படுத்தினால் −1, எதிர்த்து இழுத்தால் −2, அடைய முடியாமலே செய்துவிட்டால் −3. எண் இடத்துக்கு இடம் மாறும் என்பதை அவர்களே வலியுறுத்தினார்கள். அளவுகோலின் உயிர் அந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது.

பஞ்சாபை அதில் வைத்துப் பார்ப்போம். நீர்ப் பயன்பாட்டுத் திறனையும் நீர்ப் பற்றாக்குறையையும் பேசுவது 6.4. மாசால் வரும் சாவையும் நோயையும் பேசுவது 3.9. 2009 சட்டம் முதலாவதை முன்னேற்ற முயன்றது. புசா 44 ரகம், தாளை நிறுத்திவிட்டுப் போகும் அறுவடை இயந்திரம், மண்டியில் வாங்கப்படும் இரண்டே பயிர்கள் என்ற சூழலில் 6.4-லிருந்து 3.9-க்குப் போகும் கோட்டுக்கு நான் −2 போடுவேன். கையால் தரையோடு ஒட்ட அறுத்த காலத்தில் இதே சட்டம் வந்திருந்தால் 0. வயலில் 95 நாளில் முற்றும் ரகம் பரவிய பின் வந்திருந்தால் +1, ஏன், +2 கூடப் போடலாம். அதே இரண்டு குறிக்கோள்கள், அதே சட்டம், மூன்று வெவ்வேறு எண்கள்.

தண்ணீரும் காற்றும் இயல்பாகவே பகையாளிகள் என்று சொல்வதற்கு இதில் ஒரு சான்றும் இல்லை. நடுவில் எதையெல்லாம் மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தோமோ, அதுதான் அவற்றைப் பகையாக்கியது. திட்டமிடுபவர் எந்தெந்தப் பொருளை மாறாதது என்று எடுத்துக்கொண்டார் என்று பார்த்தால் முரண் எங்கே பிறந்தது என்பது தெரிந்துவிடும். இங்கே மாறாதவையாக எடுத்துக்கொள்ளப்பட்டவை ரகம், மின் விலை, கொள்முதல் மூன்றும்.

தேதி தள்ளிப்போனதால் தண்ணீராவது காப்பாற்றப்பட்டதா? ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. நீர்மட்டம் சரியும் வேகம் தணிந்தது என்று சில சொல்கின்றன. சில அதை மறுக்கின்றன. ஒன்று மட்டும் கணக்கில் தெளிவாக இருக்கிறது. சட்டம் வந்த ஆண்டில் சுமார் 28 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு அதற்குப் பின்னும் கூடியது. ஒரு ஏக்கருக்கு மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைப் புதிய ஏக்கர்கள் குடித்துவிட்டன.

இந்தியாவில் நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு நீடித்த வளர்ச்சி இலக்குக் குறியீடு வெளியிடுகிறது. பயனுள்ள வேலை. ஆனால் அது ஒவ்வொரு இலக்குக்கும் தனி மதிப்பெண் போட்டு, பிறகு சராசரி எடுக்கிறது. இலக்கு 6-க்குள்ளேயே நிலத்தடி நீர் எடுப்பு என்ற அளவீடு குடிநீர், கழிப்பறை அளவீடுகளோடு கலந்து சராசரியாகிறது. கழிப்பறை கட்டி எடுத்த மதிப்பெண், வற்றும் நிலத்தடி நீரை ஈடுகட்டிவிடும். ஒரு இலக்கில் கிடைத்த முன்னேற்றம் இன்னொரு இலக்கின் செலவில் வந்ததா என்ற கேள்வியை இப்படிப்பட்ட பட்டியல் கேட்கவே முடியாது. இலக்குகளுக்கு நடுவே ஓடும் கோடுகளுக்கு மதிப்பெண் போடாமல், இலக்குகளுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பஞ்சாப் போன்ற நிகழ்வு எந்த அட்டவணையிலும் தெரியாது.

தடையும் இயந்திரமும்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் வயல் எரிப்பைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் பலமுறை தலையிட்டது. தலைநகர்ப் பகுதியின் காற்றுத் தரத்துக்கு 2020-ல் தனி ஆணையம் வந்தது. அபராதமும் வழக்கும் போட்டார்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு மாற்று வழி கொடுக்காமல் தண்டனை மட்டும் கொடுத்த காலம் அது; பெரிய பலன் இல்லை.

2018-ல் மத்திய அரசு இயந்திரங்களுக்கு மானியம் தொடங்கியது: தனி விவசாயிக்கு 50 சதவீதம், கூட்டுறவுகளுக்கும் வாடகை மையங்களுக்கும் 80 சதவீதம். இதில் முக்கியமானது பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய உதவியோடு உருவாக்கிய ஹேப்பி சீடர். நிற்கும் தாளை வெட்டி ஒதுக்கி, அடியில் கோதுமையை விதைத்து, வெட்டிய தாளை மேலே மூடாக்காகப் பரப்பிவிடும். எரிக்க வேண்டாம், உழ வேண்டாம், மண்ணில் ஈரம் நிற்கும், கரிமம் சேரும். நீர், மண், காற்று மூன்றுக்கும் ஒரே கருவி. இப்படியொன்று கிடைத்தால் திட்டக்காரர்கள் கொண்டாடுவார்கள்; அதற்கு நியாயமும் உண்டு.

ஆனால் வயலில் நின்று பார்த்தால் சிக்கல் வேறு. அதை இழுக்க 45 குதிரைத்திறனுக்கு மேல் டிராக்டர் வேண்டும். பின்னால் வந்த சூப்பர் சீடருக்கு இன்னும் பெரியது. ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து நாள் ஓடும் இயந்திரம் மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். அந்த இருபது நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும். ஊரில் மூன்று இயந்திரம் இருந்து முந்நூறு பேர் வரிசையில் நின்றால் கடைசியில் நிற்பவர் தீப்பெட்டியைத்தான் எடுப்பார். நாட்காட்டி உண்டாக்கிய நெரிசலை இயந்திரத்தால் தீர்க்க முயன்றோம். நாட்காட்டி விரிந்தால் இதே இயந்திரங்கள் இருமடங்கு ஏக்கரில் ஓடியிருக்கும்.

எண்ணிக்கை இப்போது இறங்கியிருக்கிறது. பஞ்சாபில் பதிவான தீ நிகழ்வுகள் 2021-ல் 71,304, 2022-ல் 49,922, 2023-ல் 36,663, 2024-ல் 10,909. வைக்கோலைக் கட்டாகக் கட்டி எடுக்கும் இயந்திரங்களும், அதை வாங்கும் ஆலைகளும் பெருகியது இதில் நிச்சயம் சேர்த்தி. ஆனால் இந்த எண்களை அப்படியே விழுங்கக்கூடாது. தீயைக் கணக்கெடுக்கும் செயற்கைக்கோள்கள் அந்தப் பகுதியைப் பகல் ஒன்றரை மணியை ஒட்டிக் கடக்கின்றன. கடந்த பிறகு, மாலையில் எரிப்பது கூடியிருக்கிறது என்று நாள் முழுவதும் பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். எரிந்த பரப்பைக் கணக்கிட்டால் குறைவு இருக்கிறது, இந்த எண்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. எதை அளந்து அபராதம் போடுகிறோமோ அதற்கு ஏற்றபடி மனிதர்கள் நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

ரகம் என்ற சாவி

பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஆர் 126 நட்டதிலிருந்து 93 நாளில் முற்றுகிறது. ஜூன் 20-ல் நட்டாலும் செப்டம்பர் 21-ல் அறுக்கலாம். கோதுமைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. வயலில் ஐந்து வாரம் குறைவாக நிற்பதால் பல முறைத் தண்ணீர் மிச்சம். பூச்சி மருந்தும் குறைவு. தேதியைத் தள்ளுவதால் தண்ணீருக்கு வந்த நன்மையும் போகாது, நவம்பருக்குள் தீ நெருங்குவதும் தவிர்க்கப்படும். முரணாக இருந்த இரண்டு இலக்குகளை ஒரே பக்கம் இழுக்கும் சாவி இது.

பிறகு ஏன் புசா 44 இவ்வளவு காலம் நின்றது? ஒரு ஏக்கர் விவசாயியின் கையில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். பிஆர் 126 ஏக்கருக்குச் சில குவிண்டால் குறைவாகத் தரும். மூன்று குவிண்டால் என்றே வைப்போம். 2024-25-ல் ஏ ரக நெல்லுக்கு ஆதரவு விலை ரூ. 2,320. ஏறத்தாழ ரூ. 7,000 இழப்பு. பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது? மிச்சமான தண்ணீரின் மதிப்பு அவர் கணக்கில் சுழியம், ஏனென்றால் மின்சாரம் இலவசம். தவிர்த்த புகையின் மதிப்பும் சுழியம். அதற்கு யாரும் பணம் தருவதில்லை. நீர், ஆற்றல், உடல்நலம், நகரம் என்று நான்கு இலக்குகளின் வரவு ஊருக்கெல்லாம் பிரிந்து போகிறது. செலவு மட்டும் ஒரே ஆளின் பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இலக்குக்கும் இலக்குக்கும் நடுவே கூட்டுப்பலன் இருக்கிறது என்று வரைபடம் காட்டினால் மட்டும் போதாது. யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று ஆள் வாரியாகப் பிரித்த கணக்கு பக்கத்திலேயே இருக்க வேண்டும். பஞ்சாபிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முதன்மையான பாடம் இது.

பஞ்சாப் அரசு 2023-ல் புசா 44-ஐ அடுத்த ஆண்டு முதல் தடை செய்வதாக அறிவித்தது. 2024 அறுவடையில் அரிசி ஆலைக்காரர்கள் வேறு புகாரோடு வந்தார்கள்: பிஆர் 126 என்ற பெயரில் வரும் நெல்லில் அரிசி குறைவாகத் தேறுகிறது, கலப்பின நெல்லும் அதில் கலந்து வருகிறது என்று. மண்டிகளில் நெல் தேங்கியது. புதிதாக இன்னொருவர் பையில் செலவு விழுந்திருக்கிறது. அவரை யாரும் முன்னதாகக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

சரியான திசையில் போன சிறு முயற்சி ஒன்றும் உண்டு. 2018-ல் பஞ்சாப் சில மின்தடங்களில் தொடங்கிய, தண்ணீரைச் சேமித்தால் பணம் தரும் திட்டம். விவசாயிக்கு ஒரு மின் ஒதுக்கீடு கொடுத்து, அதில் பயன்படுத்தாத ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ. 4 அவர் வங்கிக் கணக்கில் போட்டார்கள். இலவச மின்சாரம் பறிபோகவில்லை. ஆனால் மோட்டாரை நிறுத்துவதற்கு முதன்முறையாக ஒரு விலை வந்தது. மாநிலத்தின் அளவுக்கு அது இன்னும் சிறியது. நெல் நேரடி விதைப்புக்கு 2022-ல் அறிவித்த ஏக்கருக்கு ரூ. 1,500-ம் இதே வகை. நேரடி விதைப்பில் சேற்றுழவுத் தண்ணீர் மிச்சம். களை மட்டும் தலைவலி, களைக்கொல்லி கூடும். 2020-ல் பெருந்தொற்றால் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நடவு ஆட்கள் வர முடியாதபோது அது ஒரே பருவத்தில் வேகமாகப் பரவியது. ஆட்கள் திரும்பியதும் பலர் பழைய முறைக்கே போய்விட்டார்கள். நடவுக் கூலியை நம்பி வரும் அந்தத் தொழிலாளர்களின் வருமானமும் இலக்கு 1-லும் 8-லும் இருக்கிறது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

மீண்டும் தேதி

2025-ல் பஞ்சாப் நடவுத் தேதியை ஜூன் 1 வரை முன்னுக்கு இழுத்தது. மாநிலத்தை மூன்று பகுதியாகப் பிரித்து ஜூன் 1, 5, 9 என்று தேதி கொடுத்தார்கள். முந்தைய அக்டோபரில் ஈரப்பதத்தால் கொள்முதலில் விவசாயிகள் பட்ட பாடு இதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேளாண் விஞ்ஞானிகள் பலர் தண்ணீரைச் சுட்டிக்காட்டி எதிர்த்தார்கள். 2009-ல் தண்ணீருக்காக ஒரு பக்கம் தள்ளப்பட்ட கம்பி, பதினாறு ஆண்டுகள் கழித்துக் கொள்முதலுக்காகவும் அறுவடைக்காகவும் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கிறது.

இந்த முடிவு சரியா, தவறா என்பது தேதியைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. ஜூன் 1-ல் நடுவது 93 நாள் ரகமாக இருந்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே அறுவடை வரும். வெயில் நாட்களில் செலவான தண்ணீரில் ஒரு பகுதி, பயிர் சீக்கிரம் வெளியேறுவதால் திரும்பக் கிடைக்கும். நீண்ட கால ரகமாக இருந்தால் 2008-க்கு முந்தைய நிலைக்கே திரும்புகிறோம், அதுவும் அன்றைவிடக் கீழே போய்விட்ட நீர்மட்டத்தோடு. ஆகவே தேதியோடு சேர்த்து அறிவிக்க வேண்டியவை மூன்று: எந்த ரகத்துக்கு அந்தத் தேதி, குறுகிய கால ரகத்தால் குவிண்டால் இழப்பவருக்கு அந்த இழப்பை மின் மானியத்தில் மிச்சமாகும் பணத்திலிருந்து எப்படி ஈடுகட்டுவது, நெல்லுக்கு இவ்வளவு அரிசி தர வேண்டும் என்று ஆலைக்காரர்களுக்கு விதிக்கும் அரைவைத் தேறுதல் விதியை அந்த ரகத்துக்கு எப்படி மாற்றுவது. மூன்றும் வேளாண், மின், உணவுத் துறைகளின் கையில் தனித்தனியாகக் கிடக்கின்றன. உணவுத் துறையில் பாதி டெல்லியில் இருக்கிறது. நடவு தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு பருவம் முன்பாவது, அதாவது விதை வாங்கும் முன், இந்த மூன்று துறைகளும் ஒரே கணக்கைப் பார்த்து ஒரே ஆணையாக வெளியிட முடிந்தால் 17.14 என்ற குறிக்கோள் பஞ்சாபில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.